இரண்டு மாத்திரை சேர்ந்தால் இரட்டிப்புப் பலனா? குடிநோய்க்கான கூட்டு மருந்துகளின் கதை

காசநோய்க்கு ஒரே ஒரு மாத்திரையை எழுதி அனுப்பும் மருத்துவர் இன்று கிடையாது. நான்கு மருந்துகளைச் சேர்த்துத்தான் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். ரத்த அழுத்தம் ஒரு மாத்திரைக்கு அடங்காவிட்டால் இரண்டாவதைச் சேர்ப்பது தெருமுனை கிளினிக்கில்கூட நடக்கிறது. குடிநோய்க்கு மட்டும் ஏன் அப்படிச் செய்யக் கூடாது?

நியாயமான கேள்விதான். குடிநோய்க்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுவரை மூன்றே மருந்துகளுக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறது: 1951-இல் டைசல்ஃபிரம், 1994-இல் நால்ட்ரெக்ஸோன், 2004-இல் அகாம்ப்ரோசேட். மூன்றும் வெவ்வேறு வழியில் வேலை செய்பவை. எதுவும் அற்புத மருந்து இல்லை. 2023-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 118 ஆய்வுகளை அலசியது. 11 பேருக்கு அகாம்ப்ரோசேட் கொடுத்தால், மருந்து இல்லாமல் இருந்திருந்தால் மறுபடி குடித்திருக்கக்கூடிய ஒருவர் குடிக்காமல் இருக்கிறார் என்பது அதன் கணக்கு. தினம் 50 மில்லிகிராம் நால்ட்ரெக்ஸோனுக்கும், கடுங்குடிக்குத் திரும்புவதைத் தடுப்பதில், அதே 11 என்ற எண்தான். பலன் உண்மைதான், ஆனால் சிறியது. ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவுகிறது என்றால், சேர்த்துக் கொடுத்தால் நிறைய உதவும் என்று எதிர்பார்ப்பது இயல்பு.

அந்த எதிர்பார்ப்பை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த விடை கூட்டல் கணக்குக்கு ஒத்துவரவில்லை. சில ஜோடிகள் நன்றாகப் பலித்தன, சில ஒன்றுமே செய்யவில்லை. எது எங்கே பலித்தது என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. மருந்துகளைப் பார்த்து ஜோடி சேர்த்த இடங்களில் ஏமாற்றம் அதிகம். எதிரே இருக்கும் ஆளுக்கு என்னென்ன தொந்தரவுகள் என்று பார்த்து, தொந்தரவுக்கு ஒரு மருந்தாகச் சேர்த்த இடங்களில் பலன் கிடைத்தது.

குடித்த மூளைக்கு என்ன ஆகிறது

மூளையில் ஒரு பக்கம் பரபரப்பைத் தணிக்கும் காபா, இன்னொரு பக்கம் தூண்டிவிடும் குளூட்டமேட். மது முதலாவதன் வேலையைக் கூட்டுகிறது, இரண்டாவதை அமுக்குகிறது. வருடக்கணக்கில் தினமும் இப்படி நடந்தால் மூளை அதை ஈடுகட்டத் தன்னை மாற்றிக்கொள்கிறது: காபாவுக்கு மதமதப்பாகவும் குளூட்டமேட்டுக்குக் கூர்மையாகவும் ஆகிவிடுகிறது. திடீரென்று குடியை நிறுத்தினால் அமுக்கி வைத்த பாரம் போய்விடும், தூண்டல் மட்டும் மிஞ்சும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு. இரண்டு மூன்று நாள் கழித்து “உடம்பில் பூச்சி ஊருது”, “சுவத்துல ஆள் நிக்குறான்” என்று புலம்பத் தொடங்கினால் அது உயிருக்கே ஆபத்தான கட்டம். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப்போகும் குடும்பங்கள் இன்னும் உண்டு. போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரி.

இன்னொரு தடமும் இருக்கிறது. மது உள்ளே போனதும் மூளை தன் சொந்த அபின் போன்ற எண்டார்ஃபினை வெளிவிடுகிறது; அதன் வழியே, சுகத்தையும் நாட்டத்தையும் தூண்டும் டோபமின் கூடுகிறது. முதல் மிடறு கொடுக்கும் அந்தக் ‘கிக்’ இதுதான். இதை நாடிக் குடிப்பவரும், நடுக்கத்தையும் பதற்றத்தையும் அடக்கக் குடிப்பவரும் ஒரே டாஸ்மாக் வரிசையில்தான் நிற்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மருந்துக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியும் போலிருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

உண்மையில் கூட்டு மருந்து என்பது சிகிச்சையின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது, நாம் அதை அந்தப் பெயரில் அழைப்பதில்லை, அவ்வளவுதான். குடியை நிறுத்தி அனுமதிக்கப்படுபவருக்கு குளோர்டயஸெபாக்சைடோ டயஸெபாமோ கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைக்கிறார்கள். மதுவின் இடத்தில் காபாவைத் தாங்கிப்பிடிக்கும் தற்காலிக முட்டு இது. கல்லீரல் கெட்டிருந்தால் லோரஸெபாமுக்கு மாறுவார்கள். சேதமான கல்லீரலாலும் அதை ஓரளவு சமாளிக்க முடியும். கூடவே தயமின், அதாவது பி1 வைட்டமின். நீண்ட காலம் குடித்தவர் உடம்பில் இது வற்றிப்போயிருக்கும். இதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, கடைசியில் நினைவாற்றலே போகலாம். விலை மலிவான ஊசி ஒன்று ஒருவரின் நினைவைக் காப்பாற்றுகிறது என்பது இந்தத் துறையில் அடிக்கடி மறக்கப்படும் விஷயம். இந்தக் கூட்டு பலிக்கிறதா என்று யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. இரண்டு மருந்துக்கும் தனித்தனி வேலை இருக்கிறது, இரண்டும் தேவைப்படும் நேரமும் ஒன்றே.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். நடுக்கம் நின்று, வீட்டுக்குப் போய், மறுபடி குடிக்காமல் இருக்கவேண்டிய மாதங்களில்.

ஹாம்பர்க்கில் ஒரு விடை, அமெரிக்காவில் இன்னொரு விடை

நால்ட்ரெக்ஸோன் எண்டார்ஃபின் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது. குடித்தாலும் பழைய சுகம் வராது, அடுத்த கிளாஸுக்கு மனம் அவ்வளவாக ஓடாது. முதலில் இது அபின், ஹெராயின் அடிமைகளுக்கான மருந்து. 1992-இல் பிலடெல்பியாவில் ஜோசஃப் வோல்பிசெல்லி குழு 70 முன்னாள் படைவீரர்களிடம் சோதித்தபோது, ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் பாதிக்கு மேல் பழைய குடிக்குத் திரும்பினார்கள்; நால்ட்ரெக்ஸோன் எடுத்தவர்களில் கால்வாசிக்கும் குறைவு. அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி ஓ'மாலி குழுவும் இதே திசையைக் காட்டியது.

அகாம்ப்ரோசேட் பிரான்சில் பிறந்தது. குளூட்டமேட்டின் கூச்சலைத் தணித்து, நிறுத்திய பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் அமைதியின்மையையும் தூக்கக்கேட்டையும் குறைக்கிறது என்பதுதான் இதுவரை உள்ள விளக்கம். கல்லீரல் இதைத் தொடுவதே இல்லை, சிறுநீரகம் வழியே அப்படியே வெளியேறிவிடும். குடிநோயாளிகளுக்கு இது பெரிய சௌகரியம்.

ஒன்று சுகத்தை மழுக்குகிறது, மற்றது வலியைத் தணிக்கிறது. இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்குமா? ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஃபால்க் கீஃபர் குழு இதைச் சோதித்து 2003-இல் வெளியிட்டது. 160 பேர், நான்கு குழுக்கள், 12 வாரம். போலி மாத்திரைக் குழுவில் நான்கில் மூன்று பேர் பழையபடி குடிக்கத் தொடங்கினார்கள். இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிதான். கூட்டு, அகாம்ப்ரோசேட்டைத் தனியாக எடுத்ததைவிடத் தெளிவாக மேல். நால்ட்ரெக்ஸோன் தனியாக எடுத்ததைவிடவும் சற்று மேலாகத் தெரிந்தது. ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. பலரும் முடிவின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு உற்சாகமானார்கள்.

அப்போதே அமெரிக்காவில் இன்னும் பெரிய சோதனை நடந்துகொண்டிருந்தது. பெயரே ‘கம்பைன்’. 11 மையங்கள், 1,383 பேர், 16 வாரம், ஒன்பது குழுக்கள். ரேமண்ட் ஆன்டன் தலைமையில் 2006 மே மாதம் முடிவு வெளியானது. நால்ட்ரெக்ஸோன் தினம் 100 மில்லிகிராம், அகாம்ப்ரோசேட் 3 கிராம் என்று அளவையும் தாராளமாகவே வைத்திருந்தார்கள். இரண்டும் எடுப்பவர் ஒரு நாளில் எட்டு மாத்திரை விழுங்கவேண்டும்.

நால்ட்ரெக்ஸோன் பலித்தது. அகாம்ப்ரோசேட் போலி மாத்திரையைத் தாண்டவில்லை. இரண்டையும் சேர்த்ததில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆழமான ஆலோசனைச் சிகிச்சையும் தனியாக நால்ட்ரெக்ஸோன் அளவுக்குப் பலித்தது. ஆனால் நால்ட்ரெக்ஸோனோடு அதைச் சேர்த்தபோது பலன் கூடவில்லை. எதையும் எதனோடும் கூட்டினாலும் விடை அதேதான் என்பதுபோல் ஒரு முடிவு.

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. ஒன்பது குழுக்களில் எட்டுக்கு மாத்திரையோடு ‘மருத்துவக் கண்காணிப்பு’ என்று ஒன்று இருந்தது: 16 வாரத்தில் ஒன்பது முறை ஒரு மருத்துவரோ செவிலியரோ உட்கார்ந்து பேசுவார். முதல் முறை முக்கால் மணி நேரம், பிறகு இருபது நிமிடம். மாத்திரை எடுத்தீர்களா, என்ன தொந்தரவு, குடித்தீர்களா, ரத்தச் சோதனை என்ன சொல்கிறது, அவ்வளவுதான். ஒன்பதாவது குழுவுக்கு மாத்திரை கிடையாது, இந்தச் சந்திப்பும் கிடையாது, நிபுணரின் ஆலோசனை மட்டும். அவர்கள் குடிக்காமல் இருந்த நாட்கள் சுமார் 67 சதவீதம். போலி மாத்திரையும் இருபது நிமிடச் சந்திப்பும் மட்டும் பெற்றவர்களுக்கு 74 சதவீதம். சிகிச்சைக்கு முன்பு இவர்கள் எல்லோருமே சுமார் கால்வாசி நாட்கள்தான் குடிக்காமல் இருந்தவர்கள். கூட்டு மருந்து ஆய்வு என்று தொடங்கியது, எந்த மருந்தும் இல்லாத ஒரு கூட்டின் பலத்தைக் காட்டிவிட்டது. மாவு மாத்திரைதானே என்று தள்ளிவிட முடியாது. அதை வாங்க வரும்போது ஒருவர் விடாமல் விசாரிக்கிறார் என்பதே சிகிச்சையின் ஒரு பகுதி.

ஹாம்பர்க்கும் அமெரிக்காவும் ஏன் முரண்பட்டன? ஹாம்பர்க் நோயாளிகள் ஆஸ்பத்திரியில் தங்கி, நடுக்கமெல்லாம் தெளிந்து, அதன் பிறகு மாத்திரைக்கு வந்தவர்கள். கம்பைன் ஆய்வில் பலர் விளம்பரம் பார்த்து வந்தவர்கள். நான்கு நாள் குடிக்காமல் இருந்தாலே சேர்த்துக்கொண்டார்கள், பெரும்பாலோருக்கு மருந்து கொடுத்து நடுக்கத்தைத் தெளிவிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. குளூட்டமேட் கூச்சலே பெரிதாக இல்லாதவருக்கு அகாம்ப்ரோசேட்டுக்கு என்ன வேலை இருக்கும்? இது நல்ல விளக்கம்தான். ஆனால் முழு விளக்கம் இல்லை. கம்பைனைப் போலவே ஜெர்மனியில் கார்ல் மான் குழு நடத்திய ‘பிரெடிக்ட்’ ஆய்வில், ஆஸ்பத்திரியில் தெளிந்த 426 பேர் கலந்துகொண்டார்கள். 2013-இல் வந்த முடிவில் நால்ட்ரெக்ஸோனும் பலிக்கவில்லை, அகாம்ப்ரோசேட்டும் பலிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தெளிந்தவர்கள் என்ற ஒரு காரணத்தை வைத்து மட்டும் தப்பித்துவிட முடியாது.

அந்த பிரெடிக்ட் தரவையே பின்னர் வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தார்கள். கொண்டாட்டத்துக்கும் சுகத்துக்கும் குடிப்பவர்கள், மனவேதனை தீரக் குடிப்பவர்கள் என்று கேள்வித்தாள் வழியாக ஆட்களை வகுத்தபோது, சுகத்துக்குக் குடிப்பவர்களிடம் நால்ட்ரெக்ஸோனின் பலன் பளிச்சென்று தெரிந்தது. எல்லோரையும் ஒரே பானையில் போட்டு சராசரி எடுத்தபோது அது கரைந்துபோயிருந்தது. இது பின்னால் போய்த் தேடிக் கண்டுபிடித்தது என்பதால் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஆனாலும் ஒரே டாஸ்மாக் வரிசையில் நிற்கும் அந்த இரண்டு பேர் மருந்துக்கு இரண்டு பேர்தான் என்பதற்கு இதுவரை உள்ள நல்ல சான்றுகளில் இதுவும் ஒன்று.

பலித்த ஜோடிகள்

இந்தக் கண்ணோட்டத்தோடு மற்ற கூட்டுகளைப் பார்த்தால் அவை ஏன் பலித்தன என்பது புரிகிறது.

2010-இல் பென்சில்வேனியாவில் ஹெலன் பெட்டினாட்டி குழு, குடிநோயும் மனச்சோர்வும் ஒருங்கே உள்ள 170 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பகுதிக்கு நால்ட்ரெக்ஸோன், ஒரு பகுதிக்கு மனச்சோர்வு மருந்தான செர்ட்ரலின், ஒரு பகுதிக்கு இரண்டும், மீதிக்குப் போலி மாத்திரை. 14 வார முடிவில் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள்: நால்ட்ரெக்ஸோன் மட்டும் எடுத்தவர்களில் 21 சதவீதம், செர்ட்ரலின் மட்டும் 28, போலி மாத்திரை 23. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 54. இந்தத் துறையில் இப்படி ஒரு இடைவெளியைப் பார்ப்பது அபூர்வம். தனித்தனியாக எடுத்தபோது போலி மாத்திரையிலிருந்து வேறுபடாத இரண்டு மருந்துகள் சேர்ந்தபோது பாதிப் பேரின் குடியை நிறுத்தின. மனச்சோர்வைக் கவனிக்காமல் குடியை மட்டும் கவனித்தால் சோர்வு மறுபடி குடிக்கத் தள்ளுகிறது. குடியை விட்டுவிட்டுச் சோர்வை மட்டும் கவனித்தால் குடி மறுபடி சோர்வைக் கொண்டுவருகிறது. இரண்டு கதவையும் அடைத்தால்தான் உண்டு.

ஆன்டன் குழுவே கம்பைனுக்குப் பிறகு இன்னொரு கூட்டைச் சோதித்து 2011-இல் வெளியிட்டது: நால்ட்ரெக்ஸோனோடு கபாபென்டின். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் மருந்து இது. நிறுத்திய ஆரம்ப வாரங்களின் தூக்கமின்மையையும் பதற்றத்தையும் குறைக்கும் என்பது யோசனை. 150 பேர். முதல் ஆறு வாரம் கபாபென்டின் கொடுத்தார்கள், அதுவரை கூட்டு நன்றாக வேலை செய்தது. முன்பு குடியை நிறுத்தியபோது நடுக்கம் போன்ற தொந்தரவுகளை அனுபவித்தவர்களிடம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஆறாவது வாரம் கபாபென்டினை நிறுத்தினார்கள். கூடுதல் பலனும் அத்தோடு போயிற்று.

சுவிட்சர்லாந்தில் 1998-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் அகாம்ப்ரோசேட்டும் டைசல்ஃபிரமும் சேர்த்து எடுத்தவர்கள் அதிக நாள் குடிக்காமல் இருந்தார்கள். ஆனால் மனநோயும் கூட இருந்த 254 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் இஸ்மீன் பெட்ரக்கிஸ் குழு 2005-இல் நால்ட்ரெக்ஸோனையும் டைசல்ஃபிரமையும் சேர்த்துப் பார்த்தபோது, தனித்தனியாகக் கொடுத்ததைவிடக் கூடுதல் பலன் ஏதும் இல்லை. இரண்டும் கல்லீரலைக் கவனித்துக் கொடுக்கவேண்டியவை என்பதால் இந்த ஜோடியை இன்று யாரும் ஆசையாக எழுதுவதில்லை.

அண்மையில் கவனம் பெற்றிருப்பது ஸ்வீடன். கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் பூ சோடர்பாம் குழு, புகைப்பழக்கத்தை விடுவதற்குத் தரும் வரெனிக்ளினையும் புப்ரோபியானையும் சேர்த்து நானூறுக்குச் சற்றுக் குறைவான பேரிடம் சோதித்து 2025-இல் முடிவை வெளியிட்டது. இரண்டு வெவ்வேறு வழியில் டோபமினை மிதமாக உயர்த்தி வைத்தால் மூளை மதுவைத் தேடாது என்பது அவர்கள் கணக்கு. கூட்டு மருந்து, போலி மாத்திரையைவிடக் குடியைக் குறைத்தது. நோயாளி சொன்னதை மட்டும் நம்பாமல் ரத்தத்தில் மதுவின் தடயத்தையும் அளந்து பார்த்தார்கள் என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம். குடிநோய் ஆய்வுகளில் வாய்மொழிக் கணக்கின் நம்பகத்தன்மை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

நம்மூர்க் கூட்டு

இந்தியாவில் டைசல்ஃபிரம் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. மது உடைந்து வரும் அசிட்டால்டிஹைடை அகற்றும் நொதியை இது தடுத்துவிடுகிறது. மாத்திரை எடுத்துவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆளைப் புரட்டிப்போட்டுவிடும். டென்மார்க்கில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இருவர் குடல் புழுவுக்கு மருந்து தேடி இதைத் தாங்களே விழுங்கிப் பார்த்து, பிறகு மது அருந்தியபோது அவஸ்தைப்பட்டுத்தான் இதன் குணம் தெரிந்தது. 1948-இல் அதை வெளியிட்டார்கள்.

மும்பையில் அவினாஷ் டி சௌசாவும் ஆலன் டி சௌசாவும் 100 ஆண்களிடம் ஓராண்டு நடத்திய ஒப்பீடு 2004-இல் வந்தது. டைசல்ஃபிரம் எடுத்தவர்களில் 86 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள், நால்ட்ரெக்ஸோன் எடுத்தவர்களில் 44. உலக ஆய்வுகளோடு ஒப்பிட்டால் நம்ப முடியாத எண். ரகசியம் எளிது: வந்தவர்கள் எல்லோருக்கும் மாத்திரை விழுங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் குடும்பம் இருந்தது. யாருக்கு எந்த மருந்து என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனால் டைசல்ஃபிரத்தைப் பொறுத்தவரை தெரிந்திருப்பதுதான் மருந்தே. 1986-இல் அமெரிக்காவில் 605 முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வு இதைக் காட்டியது. ஒரு குழுவுக்கு முழு அளவான 250 மில்லிகிராம், ஒரு குழுவுக்கு வெறும் ஒரு மில்லிகிராம், இன்னொரு குழுவுக்கு இல்லவே இல்லை. ஆண்டு முழுவதும் குடிக்காமல் இருந்தவர் எண்ணிக்கையில் மூன்று குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்கள் மட்டும், எந்தக் குழுவாக இருந்தாலும், நன்றாக இருந்தார்கள். இங்கே கூட்டு என்பது ஒரு மாத்திரையும் அதைக் கையில் கொடுக்கும் மனைவியோ அம்மாவோ அண்ணனோதான்.

இதனால்தான் ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்று சுவரிலும் பஸ்ஸிலும் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. சாம்பாரில் கரைத்துக் கொடுக்கும் டைசல்ஃபிரத்தில், அந்த மருந்தின் ஒரே பலமான பயம் இல்லை. ஆபத்து மட்டும் முழுசாக இருக்கிறது. என்ன நடக்கிறது என்றே தெரியாமல் வழக்கமான அளவைக் குடிக்கும் மனிதருக்கு, அதுவும் இதய நோய் இருந்தால், உயிரே போகலாம். வெறுத்துப்போன மனைவியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு வேறு வழியை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் விற்பவருக்கு விளைவு தெரியும்.

நம் நாட்டில் எழுதப்படும் சீட்டுகளில் இன்னொரு பெயர் அடிக்கடி வரும்: பாக்லோஃபென். தசை இறுக்கத்துக்கான பழைய மருந்து. பிரெஞ்சு இதய மருத்துவர் ஒலிவியே அமெய்சன், தன் குடிநோய்க்கு இதைத் தானே மிக அதிக அளவில் எடுத்துக் குணமடைந்ததாக 2005-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பிரான்சே அமளிப்பட்டது. பல ஆய்வுகள் நடந்தன, முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2018-இல் பிரான்ஸ் அதிகபட்சம் தினம் 80 மில்லிகிராம் என்ற வரம்போடு அனுமதித்தது. நம் ஊரில் இதற்கு மதிப்பு இருப்பதற்குக் காரணம் வேறு. இங்கே பலர் சிகிச்சைக்கு வருவதே மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீரும் வந்த பிறகுதான். அந்தக் கட்டத்தில் டைசல்ஃபிரம் கூடாது, நால்ட்ரெக்ஸோனுக்கும் தயக்கம். இத்தாலியில் ஜியோவானி அடோலோராட்டோ குழு கல்லீரல் சுருக்க நோயுள்ள 84 பேருக்கு தினம் மூன்று வேளை 10 மில்லிகிராம் பாக்லோஃபென் கொடுத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 71 சதவீதம் பேர் குடியை நிறுத்தினார்கள்; போலி மாத்திரையில் 29. கல்லீரல் கெட்டவருக்கு வேறு கதவு அதிகம் இல்லாத நிலையில் இந்த எண்ணுக்கு ஒரு கனம் உண்டு.

சேரவே கூடாதவை

கூட்டு மருந்து என்றால் மருத்துவர் எழுதுவது மட்டும் இல்லை, தெரியாமல் சேர்ந்துவிடுவதும்தான். டைசல்ஃபிரம் எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்து, மருந்துக்கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டால் மனக்குழப்பமும் பிதற்றலும் வரலாம். ஆல்கஹால் கலந்த இருமல் டானிக் ஒரு மூடி போதும் டைசல்ஃபிரத்தின் வேலையைக் காட்ட. கடைசி மாத்திரை எடுத்து இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து தொடரும்.

நால்ட்ரெக்ஸோன் எடுப்பவர் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், டிரமடால், மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் வழக்கம்போல் கேட்காது. அங்குள்ள மருத்துவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும், அதனால் மாத்திரை பற்றிய சீட்டைப் பர்ஸில் வைத்திருப்பது நல்லது. ஏற்கெனவே தினமும் டிரமடால் போடுபவருக்கு நால்ட்ரெக்ஸோனைத் தொடங்கினால் கடும் அவஸ்தை வரும், குறைந்தது ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி தேவை.

தூக்கத்தைத் தரும் மருந்துகள் ஒன்றோடொன்று சேர்வது எல்லாவற்றையும்விட ஆபத்து. பாக்லோஃபென், கபாபென்டின், ப்ரீகாபலின், டயஸெபாம் எல்லாமே மூளையை அமுக்குபவை. இவற்றில் இரண்டைப் போட்டுக்கொண்டு மேலே குவார்ட்டரும் ஊற்றினால் மூச்சே நின்றுவிடலாம். கபாபென்டின் வகை மருந்துகள் இப்படிப்பட்ட சேர்க்கையில் மூச்சைப் பாதிக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் எச்சரித்தது. முதல் வாரத்துக்கு எழுதிய டயஸெபாம் சீட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்கள், குடியோடு இன்னொரு அடிமைத்தனத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பாக்லோஃபெனை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு பாக்லோஃபென், கபாபென்டின், அகாம்ப்ரோசேட் மூன்றிலும் அளவைக் குறைக்கவேண்டும் அல்லது தவிர்க்கவேண்டும். ஆகவே மாத்திரைக்கு முன்னால் கல்லீரல், சிறுநீரகம் இரண்டுக்கும் ரத்தச் சோதனை.

எவ்வளவு காலம்

எய்ம்ஸ் நிபுணர்கள் மத்திய அரசுக்காக நடத்திய கணக்கெடுப்பு 2019-இல் வந்தது. இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்கள் சுமார் 2.9 கோடிப் பேர். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு உதவி கிடைத்ததாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180-க்கு ஒருவர். ஒரு மாத்திரையே போய்ச் சேராத இடத்தில் இரண்டு மாத்திரை பற்றிப் பேசுவது ஆடம்பரமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பைன் காட்டிய அந்த இருபது நிமிடச் சந்திப்புக்குப் பெரிய நிபுணர் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருபவரை விசாரிக்கும் செவிலியரே போதும். கோவாவில் அபிஜித் நட்கர்னி, விக்ரம் படேல் குழு, மருத்துவப் பட்டமோ மனநலப் படிப்போ இல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் குடிப்பவர்களிடம் பேசவைத்தது. பலன் இருந்ததை 2017-இல் காட்டினார்கள்.

மருந்து எழுதப்பட்டவர்களும் பாதியிலேயே விடுகிறார்கள். “ஒரு மாசமா தொடவே இல்லை, அப்புறம் எதுக்கு மாத்திரை” என்பது வீட்டில் எல்லோரும் சொல்வது. கபாபென்டினை ஆறாவது வாரம் நிறுத்தியதும் கூடுதல் பலன் போனது. கம்பைனிலும் 16 வாரத்தில் மருந்தை நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கிடையேயான வித்தியாசம் பெரும்பாலும் தேய்ந்துபோயிருந்தது. பிரிட்டனில் சிகிச்சை விதிமுறைகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பின் வழிகாட்டுதல், அகாம்ப்ரோசேட்டையும் நால்ட்ரெக்ஸோனையும் பொதுவாக ஆறு மாதம் வரை, பலன் தெரிந்து தொடர விரும்புபவர்களுக்கு அதற்கு மேலும் கொடுக்கச் சொல்கிறது. தொடங்கி நான்கு முதல் ஆறு வாரம் ஆகியும் குடி தொடர்ந்தால் அந்த மருந்தை நிறுத்திவிடவும் சொல்கிறது. இரண்டு மருந்து எழுதும் மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுவைக்கலாம்: எது எதற்காக, எதை முதலில் நிறுத்துவீர்கள், எப்போது?